தையலைக் காத்த தையல்

தமிழில் ‘தையல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஊசியும் நூலும் கொண்டு பிரிந்ததைச் சேர்க்கும் தொழில் ஒன்று. பெண் என்பது மற்றொன்று. இவ்விரு பொருள்களும் மருத்துவ வரலாற்றில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. பேறுகாலத்தில் தவிக்கும் பெண்ணின் வயிற்றையும் கருப்பையையும் கீறிக் குழந்தையை எடுக்கும் சிசேரியன் அறுவையே அந்த இடம். அறுவை என்றதும் நம் எண்ணம் கத்தியின்மீதே செல்கிறது. ஆனால் வரலாறு சொல்வது வேறு. கத்தி குழந்தையைக் காத்தது. தாயைக் காத்தது ஊசி. கருப்பையில் போட்ட வெட்டைத் தைத்து மூடவேண்டும் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டு இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள் நிறையவில்லை.

புதுவை மக்களுக்கு இவ்வரலாற்றில் தனி அக்கறை உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1823-ஆம் ஆண்டிலேயே இந்நகரில் ஒரு மருத்துவப் பள்ளி தோன்றியது. கல்கத்தாவிலும் சென்னையிலும் ஆங்கிலேயர் மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தது 1835-இல்தான். ஐரோப்பிய மருத்துவத்தை இந்திய மண்ணில் கற்பித்த மிகப் பழைய கூடங்களுள் ஒன்று புதுவையில் இருந்தது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பள்ளி தோன்றிய நாளில், அதன் தாயகமான பிரான்சிலேயே, சிசேரியன் அறுவை என்பது ஏறக்குறைய ஒரு மரண தண்டனையாகவே இருந்தது. ஏன் அப்படி இருந்தது, எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கதைகளில் கத்தியும் ஊசியும்

பண்டைய மரபுகளில் இவ்வறுவை பெரும்பாலும் இறந்த தாயின்மீது செய்யப்பட்டதாகும். நிறைமாதத் தாய் இறந்து, வயிற்றில் குழந்தை அசைந்துகொண்டிருந்தால், உடனே வயிற்றைக் கீறி அதனை எடுக்கவேண்டும் என்று சுசுருத சம்ஹிதை கூறுகிறது. உரோமர்களின் பழைய சட்டமும் இத்தகையதே. மௌரிய மன்னன் பிந்துசாரனைப் பற்றிய கதையிலும், நஞ்சுண்டு மாண்ட தாயின் வயிற்றிலிருந்து சாணக்கியன் குழந்தையைக் கீறியெடுத்தான் என்றே வருகிறது. அறிஞர் அல்-பீரூனி, கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதிய ‘அல்-ஆஸாருல் பாக்கியா’ என்னும் நூலில், ‘கைஸர்’ என்ற பட்டப்பெயருக்குக் காரணம் கூறுமிடத்து இத்தகைய பிறப்பைக் குறிக்கிறார். அந்நூலின் 1307-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றில் அக்காட்சி ஓவியமாகவும் தீட்டப்பட்டிருக்கிறது. பிரதி எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஆனால் ஜூலியஸ் சீஸர் இவ்வாறு பிறந்தார் என்று மக்கள் நம்புவது சரியன்று. அவருடைய அன்னை அவுரேலியா, மகன் பெரிய தளபதியாகும்வரை உயிரோடிருந்தார்.

இக்கதைகளிலெல்லாம் தாய் பிழைப்பதில்லை. ஆகவே அங்கு ஊசிக்கு வேலையும் இல்லை. இதற்கு மாறாக நிற்கும் ஒரு கதை, ஏறத்தாழ 1010-இல் நிறைவுற்ற பிர்தௌஸியின் ‘ஷாநாமா’வில் உண்டு. வீரன் ருஸ்தம் பிறக்கும் வேளையில் அன்னை ரூதாபா துன்புறுகிறாள். சீமுர்க் என்னும் அற்புதப் பறவை வழி சொல்கிறது. அதன்படி அவளை மதுவால் மயக்கி, பக்கவாட்டில் கீறி, குழந்தையை எடுத்து, கீறிய இடத்தைத் தைத்து, பச்சிலை மருந்து பூசுகிறார்கள். அவள் கண்விழித்துத் தன் மகனைக் காண்கிறாள். கவிஞனின் கற்பனைதான், எனினும் தாய் பிழைக்கவேண்டுமாயின் தையல் வேண்டும் என்பது அந்தக் கற்பனைக்குத் தெரிந்திருந்தது. ஐரோப்பிய அறுவையாளருக்கு அது எட்ட இன்னும் எட்டரை நூற்றாண்டுகள் சென்றன.

பிர்தௌஸியின் காலத்திலேயே, உலகின் மறுகோடியில், அந்தலுஸ் நாட்டுக் குர்துபா நகரில் ஒரு மாபெரும் அறுவையாளர் வாழ்ந்தார். அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவி என்னும் அப்பெருமகன் ‘அத்தஸ்ரீப்’ என்ற மருத்துவக் களஞ்சியத்தை எழுதினார். அறுவைக் கருவிகளை வரைபடங்களோடு விளக்கிய அந்நூலில், மாறிக்கிடக்கும் குழந்தையை வெளிக்கொணரும் முறைகளை மருத்துவச்சிகளுக்கு அவர் கற்பிக்கிறார். கிழிந்த குடலை, விலங்கின் குடலிலிருந்து உரித்தெடுத்த மெல்லிய இழையால் தைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். அந்த இழை உடலுக்குள்ளேயே கரைந்துவிடும். பிறகு பிரித்தெடுக்கத் தேவையில்லை. அவர் உயிருள்ள தாய்க்குச் சிசேரியன் செய்ததாகச் சான்று இல்லை. ஆயினும் குடலிழை என்ற அந்தக் கருத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் அது நம் கதைக்குள் திரும்பி வரும்.

தைக்காமல் விட்ட நூறாண்டுகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு மகப்பேற்று மருத்துவத்தின் தலைநிலமாக விளங்கியது. பாரிஸில் போதெலோக் என்னும் பேராசிரியர், இடுப்பெலும்பு குறுகி வேறு வழியே இல்லாதபோது சிசேரியனைச் செய்யலாம் என்றார். சாகோம்ப் என்னும் மற்றொரு மருத்துவர் அதனைக் கொலை என்று சாடி, 1797-இல் சிசேரியன் எதிர்ப்புப் பள்ளி ஒன்றையே நிறுவினார். சண்டை நீதிமன்றம் வரை சென்று, 1804-இல் சாகோம்ப் தோற்றார். வழக்கில் அவர் தோற்றாலும், அவருடைய அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1787 முதல் 1876 வரை பாரிஸ் நகரில் இவ்வறுவைக்குப் பின் ஒரு தாய்கூடப் பிழைக்கவில்லை என்று மருத்துவ வரலாற்று நூல்கள் பலவும் குறிக்கின்றன. புதுவையின் மருத்துவப் பள்ளி தோன்றிய 1823 அந்த இருண்ட காலத்தின் நடுவே விழுகிறது.

தாய்மார்கள் ஏன் மாண்டனர்? குருதிப்போக்கும் சீழ்நோயும் என்பது நேரான விடை. ஆனால் அவ்விரண்டுக்கும் வாசலைத் திறந்து வைத்தது ஒரு கோட்பாடு. குழந்தை வெளிவந்ததும் கருப்பை தானே சுருங்கும். சுருங்கும்போது வெட்டின் வாயும் தானே மூடிக்கொள்ளும். ஆகவே அதனைத் தைக்க வேண்டியதில்லை என்று பேராசிரியர்கள் கற்பித்தனர். தைப்பது தீங்கு என்றும் கருதினர். அக்காலத்துப் பட்டு நூலைப் பின்னர் பிரித்தெடுக்கவேண்டும். கருப்பையோ வயிற்றுக்குள் மறைந்துவிடும் உறுப்பு. நூல் முனையை வெளியே நீட்டி விட்டால் அதன் வழியே நஞ்சு உள்ளே செல்லும். இவ்வாறெல்லாம் எண்ணி, வயிற்றின் மேற்புறத்தை மட்டும் தைத்து, கருப்பையின் வெட்டைத் திறந்தபடியே விட்டனர்.

உண்மையில் நடந்தது என்ன? பிரசவித்த கருப்பை சுருங்கும், பிறகு தளரும், மீண்டும் சுருங்கும். தளரும் ஒவ்வொரு முறையும் வெட்டு வாய்பிளந்தது. அதன் வழியே குருதியும் பேற்றுக்கழிவும் வயிற்றறைக்குள் கசிந்தன. குருதி இழந்தவள் அன்றே இறந்தாள். அன்று பிழைத்தவள் சில நாட்களில் வயிற்றறை அழற்சியால் இறந்தாள்.

மறுத்துப் பேசியவர் ஒருவருமே இல்லை என்பதற்கில்லை. பிரான்சிலேயே லெபா என்னும் அறுவையாளர் 1769-இல் கருப்பைக்குத் தையலிட்டார். ஆனால் அவருடைய முன்மாதிரி பரவவில்லை. அமெரிக்காவின் ஒதுக்குப்புறங்களில் சில மருத்துவர்கள் வெள்ளிக் கம்பியால் கருப்பையைத் தைத்துப் பார்த்தனர். 1852-இல் பிராங்க் போலின் செய்த தையல் அவற்றுள் ஒன்று. பெருநகரப் பேராசிரியர் துணியாததை நாட்டுப்புற மருத்துவர் துணிந்து செய்தார். அவர்களுடைய அனுபவங்களைப் பிலடெல்பியாவின் ஹாரிஸ் என்னும் மருத்துவர் பொறுமையாகத் தேடித் தொகுத்து வைத்தார். அந்தத் தொகுப்பே பின்னாளில் ஜெர்மனியில் ஓர் இளைஞரின் கையில் விளக்காக அமைந்தது.

உறுப்பை இழந்து உயிரைப் பெற்றவள்

இடையில் இத்தாலியிலிருந்து ஒரு கடுமையான தீர்வு வந்தது. 1876-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், பாவியா நகரில் எதுவார்தோ போர்ரோ என்னும் பேராசிரியர், எலும்பு நோயால் இடுப்பு குறுகிய ஜூலியா கவல்லீனி என்ற பெண்ணுக்கு அறுவை செய்தார். குழந்தையை எடுத்தபின், குருதி கொட்டும் கருப்பையையே வெட்டி அகற்றிவிட்டார். தாயும் சேயும் பிழைத்தனர். கசியும் பாத்திரத்தை அடைக்கத் தெரியாதவன் பாத்திரத்தையே எறிந்துவிட்டது போன்ற முறைதான் இது. இருந்தும் அன்றைய நிலையில் அது பெரிய வெற்றி. மயக்க மருந்தும் லிஸ்டரின் கிருமியொழிப்பு முறையும் அதற்குத் துணை நின்றன. ஆனால் உயிர் பிழைத்த ஒவ்வொரு பெண்ணும் இனித் தாயாக முடியாதவள் ஆனாள். அதற்கு மேல் ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழியை இருவர் காட்டினர். 1881 செப்டம்பர் 25 அன்று, ஹைடல்பர்க் அருகே மெக்கெஸ்ஹைம் என்னும் சிற்றூரில், பேராசிரியர் கேரர் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டிக் குழந்தையை எடுத்து, வெட்டை இரண்டு அடுக்காகத் தைத்தார். தாய் பிழைத்தாள். மறு ஆண்டு, 1882-இல், லைப்சிக் நகரின் மாக்ஸ் சேங்கர், முப்பது வயதுகூட நிறையாதவர், தையலின் இன்றியமையாமையை நிறுவும் நூலை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே டிரெஸ்டனில் லியோபோல்ட் அம்முறையைச் செய்துகாட்டினார்.

சேங்கரின் தையலைச் சற்று நுணுகிப் பார்ப்பது நன்று. கருப்பைச் சுவர் மூன்று படலம் கொண்டது: உள்ளே மெல்லிய சவ்வு, நடுவே தடித்த தசை, வெளியே பளபளப்பான உறை. சேங்கர் நடுத்தசையை வெள்ளிக் கம்பியால் ஆழமாகத் தைத்தார். உட்சவ்வை ஊசி துளைக்காதபடி பார்த்துக்கொண்டார். அதன்மேல், உறையின் இரு விளிம்புகளையும் உள்நோக்கி மடித்து ஒட்டுமாறு, மெல்லிய பட்டு நூலால் நெருக்கமாக இரண்டாம் வரிசை தைத்தார். உறையோடு உறை பொருந்தினால் விரைவில் ஒட்டிக்கொள்ளும் என்பது குடலைத் தைப்பதற்காக லம்பேர் என்னும் பிரெஞ்சு அறுவையாளர் 1826-இல் கண்ட நெறி. குடல் தையலில் கற்ற பாடம் கருப்பைக்குப் பயன்பட்டது.

கருவியில்தான் ஒரு குறை எஞ்சியது. வெள்ளியும் பட்டும் உடலில் கரைவதில்லை. இங்கேதான் அல்-ஸஹ்ராவியின் குடலிழை திரும்பி வருகிறது. லிஸ்டர் 1869-இல், ஆட்டுக்குடலால் ஆன இழையைக் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்துக் கிருமி நீக்கிப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். பின்னர் குரோமிய உப்பில் பதப்படுத்தி, அது கரையும் நாளையும் நீட்டினர். ‘கேட்கட்’ என்று மருத்துவமனைகள் அழைத்த அந்த இழையே ஏறத்தாழ நூறாண்டுகள் உலகத் தாய்மாரின் கருப்பைகளைத் தைத்தது. 1970-களில் செயற்கையாகச் செய்த கரையும் இழைகள் வந்து, படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தன.

மூடிய கதவு

லைப்சிக்கில் கண்டது நம் நாட்டுத் தாயிடம் வந்து சேர, கடலை மட்டும் கடந்தால் போதவில்லை. வீட்டுக் கதவையும் கடக்கவேண்டியிருந்தது. புதுவையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திண்டிவனத்தில், 1890-களில் ஓர் இரவு நடந்த நிகழ்ச்சி இதற்குச் சான்று. அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்கட்டர் வீட்டுக்கு அவ்விரவில் மூவர் அடுத்தடுத்து வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் உயர்சாதி இந்து. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். மூவரும் மருத்துவரின் இளம் மகள் ஐடாவையே அழைத்தனர். தான் மருத்துவம் கற்றவள் அல்லள், தந்தை வருவார் என்று அவர் கூறியபோது, அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்க்கக்கூடாது என்று மறுத்துச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர். ஐடா ஸ்கட்டர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1900-இல் திரும்பி, வேலூரில் தொடங்கிய பணியே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது.

அம்மூவரை எந்தச் சிகிச்சை காப்பாற்றியிருக்கும் என்று இன்று யாரும் சொல்லவியலாது. ஆயினும் ஒன்று தெளிவு. சேங்கரின் நூல் வெளிவந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகிவிட்ட காலம் அது. அறிவு இருந்தது, மருத்துவரும் இருந்தார், கதவு மட்டும் திறக்கவில்லை. அந்தக் கதவு மூன்று சமூகத்தார் வீட்டிலும் ஒன்றுபோல் மூடியிருந்தது.

நாணமுள்ள பெண்களின் இத்துன்பத்தை அல்-ஸஹ்ராவி அன்றே அறிந்திருந்தார். பெண்களுக்குச் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றும் பகுதியில், தேர்ந்த பெண் மருத்துவரைத் தேடவேண்டும். கிடைக்காவிடின் மருத்துவச்சியை உடன்வைத்து அவள் கையால் செய்விக்கவேண்டும் என்று எழுதினார். கதவைத் திறக்கும் வழி, மறைப்பை ஏளனம் செய்வதன்று. பெண்ணுக்குப் பெண்ணே மருத்துவராவது. இந்நெறியில் சென்னையும் ஓரடி எடுத்துவைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-இல் சேர்ந்த முதற்பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப், 1885-இல் மறைப்பில் வாழும் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கக் காரணமானார். திருவல்லிக்கேணியில் அது இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஊரார் நாவிலோ ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்தது.

மேலிருந்து கீழாக

சேங்கர் தையலைத் தந்தார். ஆனால் வெட்டு கருப்பையின் தடித்த மேற்பகுதியில் நெடுக்காகவே இருந்தது. அப்பகுதி ஓயாது சுருங்குவதால் வடு நன்கு ஆறுவதில்லை. அடுத்த சூலில் அது பிரியும் ஆபத்து 100 பேரில் 4 முதல் 9 பேர் வரை உண்டு. கேரர் கண்ட குறுக்கு வெட்டோ மறக்கப்பட்டுக் கிடந்தது. கிளாஸ்கோ நகரின் மன்ரோ கெர் 1911 முதல் அதனை மீண்டும் கையாண்டு, ஆண்டுக்கணக்காக வற்புறுத்தி வெற்றி கண்டார். நிறைமாதத்தில் கருப்பையின் கீழ்ப்பகுதி மெலிந்து நீண்டிருக்கும், குருதி குறைவாகக் கொட்டும், தைப்பது எளிது, தைத்த இடத்தைச் சிறுநீர்ப்பையை ஒட்டிய உறை போர்த்திக்கொள்ளும். இவ்வடு பிரசவ வலியின்போது பிரியும் ஆபத்து 100-இல் ஒன்றை ஒட்டியதே. எழும்பூர் மகளிர் மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் போன்ற ஆசான்களின் வழியாகவும், கிருஷ்ண மேனனின் துணையோடு பல பதிப்புகள் கண்ட அவருடைய மகப்பேற்று நூலின் வழியாகவும் தென்னாட்டு மருத்துவ மாணவர் தலைமுறைகள் இத்துறையைக் கற்றன.

புதுவையிலும் காலம் மாறியது. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது. பழைய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலாக 1956-இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரி எழுந்தது. 1964 ஜூலை 13 அன்று குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைக்க, அது கோரிமேட்டில் ‘ஜிப்மர்’ என்னும் பெருநிலையமாயிற்று. ‘கோரி’ என்பது பாரசீக வழியில் தமிழுக்கு வந்த சொல். கல்லறை என்பது அதன் பொருள். கல்லறையின் பெயரைச் சுமக்கும் அந்த மேட்டில் இன்று அன்றாடம் தாய்மார்கள் குழந்தைகளோடு வீடு திரும்புகிறார்கள். கோரிமேடு திண்டிவனம் செல்லும் சாலையில்தான் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். அன்று மூன்று பெண்கள் இறந்த ஊரிலிருந்து, இன்று தாய்மார்கள் அச்சாலை வழியே வந்து சேர்கிறார்கள்.

ஒற்றை அடுக்கா, இரட்டை அடுக்கா?

தைக்கவேண்டுமா என்ற வினா முடிந்தது. எப்படித் தைப்பது என்ற வினா இன்னும் நடக்கிறது. ஒரே அடுக்காகத் தைத்தால் நேரமும் நூலும் மிச்சம். இரண்டு அடுக்காகத் தைத்தால் வடு தடிப்பாக ஆறும் என்பர் சிலர். கருப்பையை வயிற்றுக்கு வெளியே எடுத்துவைத்துத் தைப்பதா, உள்ளேயே வைத்துத் தைப்பதா என்பதும் ஒரு வழக்கு. இவற்றுக்கு விடை தேடி, இந்தியா, பாகிஸ்தான், சூடான், கென்யா, கானா, அர்ஜென்டினா, சிலி ஆகிய ஏழு நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் ‘கொரோனிஸ்’ என்னும் ஆய்வு நடந்தது. முதல் முடிவுகள் 2013-இலும், மூன்றாண்டு கழித்துத் தாய்மாரைப் பார்த்து எழுதிய முடிவுகள் 2016-இலும் வெளிவந்தன. ஒற்றை அடுக்குக்கும் இரட்டை அடுக்குக்கும், கேட்கட்டுக்கும் செயற்கை இழைக்கும், முதன்மையான தீங்குகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நூறாண்டுக்கு முன் பேராசிரியரின் வாக்கே வேதமாக இருந்த துறையில், தாய்மாரையே எண்ணிப் பார்த்து விடை கண்டது பெரிய மாற்றம்.

ஆயினும் கவலை வேறு வாசல் வழியே வந்திருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 100 பிரசவங்களில் 21.5 சிசேரியன், அண்டைத் தமிழ்நாட்டில் 44.9. உலக சுகாதார நிறுவனம் 1985-இல் கூட்டிய மாநாடு 10 முதல் 15 வரையே தேவைப்படும் என்று கருதியது. ஒவ்வொரு வெட்டும் ஒரு வடு. எவ்வளவு செம்மையாகத் தைத்தாலும் வடு வடுவே. அடுத்த சூலில் நச்சுக்கொடி அவ்வடுவின்மீது வேரூன்றிப் பிரியாமல் போவதுண்டு. அறுவைகளின் எண்ணிக்கை கூடக்கூட அந்த ஆபத்தும் கூடுகிறது. அந்நிலையில் தாயைக் காக்கப் போர்ரோவின் பழைய வழியையே, கருப்பையை அகற்றுவதையே, இன்றைய மருத்துவரும் சில வேளை நாடவேண்டியிருக்கிறது.

ஆகவே குடும்பத்தார் செய்யக்கூடிய கடமை ஒன்றுண்டு. மருத்துவமனை தரும் வெளியேற்றச் சீட்டில், வெட்டு எங்கு போடப்பட்டது, குறுக்கா நெடுக்கா, எப்படித் தைக்கப்பட்டது, அறுவைக்குக் காரணம் என்ன என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டு வாங்கி, நிலப்பத்திரம்போல் பாதுகாக்கவேண்டும். அடுத்த பிரசவத்தில் இன்னொரு மருத்துவர் அவளுடைய உயிரைப் பற்றி முடிவெடுக்கும்போது, தோலின் தழும்பு அவருக்கு ஒன்றும் சொல்லாது. அந்தச் சீட்டுத்தான் சொல்லும். தேவையின்றி அறுவை கேட்பதும் தவறு. தேவைப்படும்போது தயங்கிக் கதவை மூடுவது அதனினும் பெருந்தவறு. நம் பெண்மக்களை மருத்துவம் கற்க அனுப்புவது இவை அனைத்திற்கும் மேலான கடமை. இலக்கியத்தில் ஒரு தாயைப் பிழைக்கவைத்த தையல், உண்மை உலகில் எல்லாத் தாயரிடமும் வந்து சேரவேண்டுமானால், ஊசி பிடிக்கும் கைகள் நம் வீடுகளிலிருந்தும் புறப்படவேண்டும்.